விடிந்ததும் படுக்கப் போகிறவர்கள்

காலை ஆறரை மணிக்கு ஹைதராபாத் கச்சிபௌலியில் நின்றால் இரண்டு கூட்டத்தைப் பார்க்கலாம். ஒன்று நடைப்பயிற்சிக்குக் கிளம்பியது. இன்னொன்று கம்பெனி கேபிலிருந்து இறங்கி, ஒரு இரானி சாய் குடித்துவிட்டுப் படுக்கப் போவது. அந்தச் சாயே முதல் தப்பு. உள்ளே போன கஃபீனில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும்.

1998-இல் ஹைடெக் சிட்டியில் சைபர் டவர்ஸ் திறந்ததிலிருந்து இந்த ஊரில் ஒரு பகுதி அமெரிக்க நேரத்துக்கு வாழ்கிறது. மார்ச்சிலும் நவம்பரிலும் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்தால், இங்கே லாகின் நேரம் ஒரு மணி நகரும். உடம்புக் கடிகாரம் அவ்வளவு சுலபமாக நகராது. கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு முடிச்சு அது. விழித்திரையிலுள்ள தனி அணுக்கள் வெளிச்சத்தை அதற்குச் சொல்கின்றன. இருட்டினால் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரக்க வழிவிடும், விடிந்தால் நிறுத்தும். ஈரலுக்கும் கணையத்துக்கும் கிளைக் கடிகாரங்கள் உண்டு. அவை சாப்பாட்டு வேளையைப் பார்த்து ஓடுபவை. அதனால்தான் இரவு இரண்டு மணி பிரியாணி, பகல் பிரியாணியைவிட ரத்தச் சர்க்கரையை அதிகம் ஏற்றுகிறது.

வெளிச்சமும் சோறும் மட்டுமல்ல, கூட்டமும் கடிகாரத்தைத் திருத்தும். இதைக் காட்டியது நம் மதுரைதான். காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவர் மாணவர்களும் இருட்டுக் குகையில் வௌவால்களைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். சுற்றிலும் தன் கூட்டம் போய் வந்துகொண்டிருந்தபோது, வெளிச்சமே படாத கூண்டு வௌவாலும் அதே நேரத்துக்குச் சிறகடித்தது. தனியே விடப்பட்டதன் தாளம் மெல்ல நழுவியது. 1981-இல் வெளிவந்த ஆய்வு இது. வீடு முழுக்கப் பகலில் விழித்திருக்க, ஒருவர் மட்டும் தூங்க முயல்வது ஏன் கஷ்டம் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூண்டு நினைவுக்கு வரும்.

உடம்புத் தாளத்தைக் குலைக்கும் இரவுப்பணியைப் புற்றுநோய் உண்டாக்க 'அநேகமாக' வாய்ப்புள்ளது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் வகைப்படுத்தி, 2019-இல் உறுதிசெய்தது. பதற வேண்டாம், ஆட்டிறைச்சியும் அதே வகையில்தான் இருக்கிறது. அந்த வகை ஆதாரத்தின் வலுவைச் சொல்கிறது, ஆபத்தின் அளவை அல்ல. உடனடி ஆபத்து வேறு. உடம்பு மிகவும் தளர்வது விடியற்காலை மூன்று முதல் ஐந்து வரை. அதன்பின் பைக் எடுத்து அவுட்டர் ரிங் ரோடு பக்கம் போகாதீர்கள். கேபிலேயே வாருங்கள், ஓட்டுநரும் இரவெல்லாம் விழித்தவர்தானா என்று கேளுங்கள்.

உடம்பு ஒருபுறமிருக்க, உரிமையில் பலரும் கோட்டைவிடும் இடம் வார விடுமுறை. நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்டில் உள்ள தொழிலாளிக்கு, ஷிஃப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரமே விடுமுறை. 1948-இன் தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. சனி காலை ஆறுக்கு லாகவுட், அன்று இரவு பத்துக்கு லாகின் என்றால், ரோஸ்டரில் 'சனி ஆஃப்' என்று போட்டிருந்தாலும் அது விடுமுறை ஆகாது. 2025 ஜூலையில் தெலங்கானா அரசு வணிக நிறுவனங்களில் நாளுக்குப் பத்து மணி நேரம் வரை அனுமதித்தது. வாரத்துக்கு 48-ஐத் தாண்டினால் ஓவர்டைம் தர வேண்டும். இரவுப்பணிக்குப் பெண்ணின் சம்மதம் கட்டாயம். லாகின், லாகவுட் நேரத்தைச் சொந்த டைரியில் எழுதிவாருங்கள். ஹெச்.ஆரிடம் வாயால் சொல்லாமல் மெயிலில் கேளுங்கள்; பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

ஷிஃப்ட் மாறித்தான் ஆக வேண்டுமென்றால் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி மாற்றச் சொல்லுங்கள். உடம்பு அதற்குத்தான் எளிதாக இணங்கும். வீட்டுக்கு வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி, ஜன்னலுக்குத் தடித்த திரை. தூக்க மாத்திரையை மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு வாங்காமல் மருத்துவரிடம் போங்கள்.

பகல் தூக்கத்துக்குச் சத்தம்தான் பெரிய சிக்கல். தூக்கமும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஒலி மாசு விதிகளுக்கு இரவு என்பது பத்து முதல் ஆறு வரைதான். அப்போது குடியிருப்புக்கு 45 டெசிபல், பகலில் 55. காலை எட்டுக்குக் கண் மூடுகிறவருக்கென்று தனி வரம்பு கிடையாது. அப்படி ஒன்று வரும்வரை கதவில் ஒரு சீட்டு ஒட்டி, காலிங் பெல்லின் ஸ்விட்சை அணைத்து, பார்சலை வாட்ச்மேனிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுப் படுங்கள்.