வால்வு செட் கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது?

சரக்கு எடுக்க வரும் வெளியூர்க் கடைக்காரர்கள் சிலர், "அண்ணாச்சி, வால்வு ஆம்ப்ளிபயர் இருக்கிறதா? விலை கூடினாலும் பரவாயில்லை என்று கேட்கிறார்கள்" என்று விசாரிக்கிறார்கள். என் வாலிபத்தில் பழைய இரும்போடு எடைக்குப் போட்ட சாமான்! வால்வின் ஓசை தனி இனிமை என்பது பேச்சு. அதில் எவ்வளவு உண்மை என்று விற்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வித்தியாசம் உண்டு. வால்வு செட் தனக்குள் வரும் ஒலியோடு தன் சரக்கையும் கொஞ்சம் கலந்து கொடுக்கிறது. ஸட்ஜமம் உள்ளே போனால், மேல் ஸட்ஜமமும் லேசாகச் சேர்ந்து வெளியே வரும். கலப்படம்தான், ஆனால் சுருதியோடு சேர்கிற கலப்படம் என்பதால் காது அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் 'கனம்' என்கிறது. சத்தத்தை மிதமிஞ்சி வைத்தால் டிரான்சிஸ்டர் செட் ஓர் எல்லையில் வெட்டினாற்போல் கரகரக்கும். வால்வு மெல்ல மழுங்கும். ஸ்பீக்கரைப் பிடித்து நிறுத்தும் சக்தி வால்வுக்குக் குறைவு என்பதால் பாஸ் சற்றுத் தளர்ந்து கேட்கும்.

இதெல்லாம் வால்வுக்கு மட்டுமே கைவந்த ரகசியமா என்றால், இல்லை. 1985-ல் அமெரிக்காவில் பாப் கார்வர் என்ற ஆம்ப்ளிபயர் தயாரிப்பாளர் 'ஸ்டீரியோபைல்' பத்திரிகைக்காரர்களிடம் ஒரு சவால் விட்டார். அவர்கள் எந்த விலை உயர்ந்த செட்டைக் காட்டினாலும், அதன் ஓசையைத் தன்னுடைய விலை குறைந்த டிரான்சிஸ்டர் செட்டில் கொண்டுவருவதாகச் சொன்னார். அவர்கள் காட்டியது பெரிய வால்வு செட். கார்வர் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, ஒன்றின் ஒலியிலிருந்து மற்றதைக் கழித்து, மிச்சம் அநேகமாக ஒன்றுமில்லை என்றாகும்வரை தன் செட்டைத் திருத்தினார். பிறகு கேட்டுப் பார்த்த பத்திரிகைக்காரர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கண்ணாடிக்குள் சிவந்து எரிவதைப் பார்த்துக்கொண்டே பாட்டுக் கேட்க ஆசைப்படுபவர் தாராளமாக வாங்கட்டும். கடையில் போட்டுக் காட்டும்போதுதான் தவறு நடக்கிறது. நானும் செய்திருக்கிறேன். விலை கூடிய செட்டின் வால்யூமை ஒரு இழை கூட்டி வைத்தால் போதும், எல்லாருக்கும் அதுவே இனிமையாகக் கேட்கும். அப்படி வாங்கிப்போன பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரே வாரத்தில் செட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, "கடையில் கேட்ட மாதிரி இல்லையே" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மனிதர் அதன்பின் என் கடைப் படி ஏறவில்லை. இப்போது ஒரே ஸ்பீக்கரில், மீட்டர் வைத்து, ஒரே அளவு சத்தத்தில்தான் இரண்டையும் காட்டுகிறேன்.

விற்கும்போது மற்றதையும் சொல்லிவிடுங்கள். வால்வு தேயும் பொருள்; சில ஆயிரம் மணி நேரத்தில் மாற்ற வேண்டிவரும். புது வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, சீனா, ஸ்லோவாகியாவிலிருந்து வர வேண்டும். உள்ளே 400 வோல்ட் வரை ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் நிற்கும் என்பதால் வீட்டில் யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. ஸ்பீக்கர் வயர் மாட்டாமல் பாட்டுப் போட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரே போய்விடலாம். இதை மட்டும் பில்லிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.