துணையை இழந்தபின் ஒரு நெடும்பயணம்

கணவனையோ மனைவியையோ பறிகொடுத்தவரை வளர்ந்த பிள்ளைகள் காரில் நெடுந்தூரம் அழைத்துச் செல்வது, துக்கத்தை மறக்கடிக்கும் உல்லாசம் அல்ல. அதைக் குடும்பமாகச் சுமக்கப் பழகும் வழி. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். துயருற்ற மனம் இழப்பை எண்ணிக் கலங்குவதற்கும் மாறிவிட்ட வாழ்வைச் சீரமைப்பதற்கும் இடையே ஊசலாடுகிறது, அந்த ஊசலாட்டமே ஆற்றுகிறது என்பது அதன் சாரம். பயணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. உதாரணமாக, சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்குச் சுமார் 560 கிலோமீட்டர். அந்த வழியெங்கும் எங்கே சாப்பிடுவது, எங்கே தங்குவது என்ற சின்னச் சின்ன முடிவுகள் மனத்தை வாழ்வின் பக்கம் இழுக்கின்றன. எல்லோர் பார்வையும் சாலையில் இருப்பதால், நேருக்கு நேர் சொல்லத் தயங்கியவை தானாகவே பேச்சில் வந்துவிடுகின்றன.

“வருஷம் திரும்பும் முன் ஊர்சுற்றலா?” என்று உறவினர்கள் கேட்கலாம். ஆனால் அஸ்தியோடு ராமேஸ்வரத்துக்கும் காசிக்கும் குடும்பத்தை அனுப்பிவைப்பதும் நம் மரபுதான். துக்கத்தோடு பயணம் போவது நமக்குப் புதிதல்ல. திரும்பி வந்தால் அதே வெறும் வீடுதானே என்பது இன்னும் வலுவான கேள்வி. உண்மைதான், எந்தப் பயணமும் அந்த வெறுமையை நிரப்பாது. ஆகவே அம்மாவோ அப்பாவோ விரும்பும்போது, விரும்பும் இடத்துக்கு, அவர் உடல் தாங்கும் வேகத்தில் போக வேண்டும். வழியில் தொடங்கிய பேச்சை வீடு திரும்பிய பிறகும் பிள்ளைகள் விட்டுவிடக் கூடாது.