கரையும் கலிங்கும் கண்காணிப்பும்

காவிரி கடலைத் தொடும் கடைமடைப் பகுதியில், காரைக்காலை அடுத்து நெரவி அமைந்துள்ளது. அங்கு மலையும் இல்லை. அணை கட்டுதற்குரிய பள்ளத்தாக்கும் இல்லை. ஆயினும், அணைப் பாதுகாப்பு என்பது நெரவிக்கு அயலான செய்தியன்று. மேலே ஒருவர் மதகைத் திறப்பதும் மூடுவதும் கீழே வேறொருவரின் வயலையும் வீட்டையும் பாதிக்கும் என்பதைக் கடைமடை மக்கள் நன்கறிவர். அவ்வூரோ புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது. அதற்கு நீர் தரும் ஆறுகளின் மேற்பகுதி மதகுகளோ தமிழ்நாட்டு அரசின் பொறுப்பில் உள்ளவை. நீரைத் தேக்குபவர் ஒருவர், அதன் தீங்கைச் சுமப்பவர் மற்றொருவர் என்னும் இந்நிலை, தனியார் தம் பொழுதுபோக்கிற்காக வைத்திருக்கும் அணைகளில் இன்னும் கடுமையாகிறது. அங்குத் தேங்கிய நீரால் கீழே வாழ்வோர்க்குப் பயனேதும் இல்லை; இடர் மட்டுமே உண்டு.

மண்ணால் எழுப்பிய எந்த நீர்த்தேக்கத்திற்கும் மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை. கரை நீரைத் தாங்குகிறது. மதகு, வேண்டியபோது நீர்மட்டத்தைத் தாழ்த்த உதவுகிறது. கலிங்கு, மிகைநீர் கரையின்மேல் ஏறாதவாறு அதனை ஒருபுறமாக வழியச் செய்கிறது. கற்கட்டு அணையின்மேல் நீர் வழிந்தால் அது சிறிது நேரம் தாங்கக்கூடும். மண்கரையின்மேல் வழியும் நீரோ புறச்சரிவை அரிக்கும்; அரிப்பு ஆழமாக ஆகப் பாய்ச்சல் மிகும்; சில மணி நேரத்தில் கரையே உடைந்துவிடும்.

இம்மூன்று உறுப்புகளும் ஒருங்கே கெட்ட அணை ஒன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருந்தது. சவுத் ஃபோர்க் அணை எனப்பட்ட அது, கால்வாய்ப் போக்குவரத்துக்கு நீர் வழங்க அம்மாநில அரசால் கட்டப்பெற்று 1853இல் நிறைவுற்றது. இருப்புப்பாதை வந்தபின் கால்வாய் பயனிழந்தது. அணையும் தனியார் கைக்கு மாறியது. இடையில் உரிமையாளராக இருந்த ஒருவர், அணையின் அடியிலிருந்த இரும்பு வடிகுழாய்களைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார். 1879இல் அவ்விடத்தை வாங்கிய செல்வர் சங்கம் ஒன்று அதனை மீன்பிடிக்கவும் படகு விடவும் உரிய ஏரியாக்கியது. ஆண்ட்ரூ கார்னெகி போன்ற பெருஞ்செல்வர்கள் அதன் உறுப்பினர்கள். குழாய்கள் திரும்பப் பொருத்தப்படவில்லை. ஆகவே பழுது பார்க்க நீரை இறக்கவும் வழியில்லை. வண்டிகள் செல்ல வசதியாகக் கரையின் உச்சி தாழ்த்தப்பட்டது. மீன்கள் தப்பிச் செல்லாதிருக்கக் கலிங்கின் குறுக்கே இரும்புவலை பொருத்தப்பட்டது. பணமில்லாமையால் நேர்ந்த குறைகள் அல்ல இவை.

பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 23 கிலோமீட்டர் கீழே ஜான்ஸ்டவுன் நகரம் இருந்தது. அந்நகரின் இரும்பு ஆலைத் தலைவர் டேனியல் மோரல், 1880இல் ஜான் ஃபுல்டன் என்னும் பொறியாளரை அனுப்பி அணையைப் பார்வையிடச் செய்தார். நீரை வடிக்கும் குழாய் இல்லாமையையும் செப்பனிட்ட முறையின் குறையையும் அவர் சுட்டினார். செப்பனிடும் செலவில் பங்கேற்கவும் மோரல் முன்வந்தார். ஆபத்து எதுவும் இல்லை என்று கூறிச் சங்கம் அதனை மறுத்துவிட்டது. மோரலால் கேட்க முடிந்தது, ஆணையிட முடியவில்லை. தனியார் அணையை ஆராய்ந்து ஆணையிடும் அதிகாரி எவரும் அன்று அம்மாநிலத்தில் இலர்.

1889 மே 31 அன்று பெருமழையில் ஏரி நிரம்பியது. அடித்து வரப்பட்ட குப்பையும் கிளைகளும் இரும்புவலையை அடைத்துக்கொள்ளக் கலிங்கு பயனற்றுப் போயிற்று. நீர் தாழ்த்தப்பட்ட கரையின்மேல் வழிந்தது. பிற்பகல் மூன்று மணியளவில் கரை உடைந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வெள்ளம் நகரை அடைந்தது. 2,209 பேர் மாண்டனர். சங்கத்தின்மீது தொடுத்த வழக்குகள் எவற்றிலும் இழப்பீடு கிடைக்கவில்லை.

உடைந்த தேக்கத்திற்கு உரிமையாளர் பொறுப்பாவாரா என்னும் வினா நம் நாட்டிலும் எழுந்துள்ளது. இன்றைய ஆந்திரத்திலுள்ள கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து, சென்னை இருப்புப்பாதை நிறுவனத்தின் பாலங்களை அழித்தன. 1874இல் இலண்டனின் பிரிவி கவுன்சில், ஜமீன்தார் கவனக்குறைவாக இருந்தாலன்றிப் பொறுப்பாகார் என முடிவு செய்தது. அவ்வேரிகள் மக்களின் உழவுக்கு இன்றியமையாதவை, அவற்றைப் பேணுவது ஜமீன்தாரின் கடமை என்பதே அதற்கு அது கூறிய காரணம். இக்காரணம் ஊரார் உழவுக்கு உதவும் ஏரிக்குப் பொருந்தும். ஒரு சிலரின் உல்லாசத்திற்கான ஏரிக்குப் பொருந்துமா என்பது ஐயமே.

ஏரியைப் பேணுவோரும் ஊருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் கருத்து தமிழகத்திற்குப் புதிதன்று. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படும் தகுதியை இழந்தார்.

இந்தியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021இல் இயற்றப்பட்டது. அரசு அணை, தனியார் அணை என்னும் வேறுபாடு அதில் இல்லை. உரிமையாளர் எவராயினும் ஆண்டுதோறும் பருவமழைக்கு முன்னும் பின்னும் அணையை ஆய்வு செய்தல் வேண்டும். ஆனால், 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடைய அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுடையனவற்றுள் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டவையுமே அதில் அடங்கும். 22 மீட்டர் உயரமுடைய சவுத் ஃபோர்க் அணை இந்த அளவுக்குள் வந்திருக்கும். தோப்புகளிலும் தங்கும் விடுதிகளிலும் அமைக்கப்படும் தாழ்ந்த கரைகள் வாரா.

அத்தகைய கரையை ஆய்பவர் பார்ப்பவை எளியவை. கலிங்கில் செடியோ வலையோ அடைத்துள்ளதா, மதகு உண்மையில் திறக்கிறதா, கரையின் உச்சி எங்கேனும் தாழ்ந்துள்ளதா, எலி வளைகளும் பட்டுப்போன மரவேர்களும் உள்ளனவா என அவர் நோக்குவார். பின்னர்ப் புறச்சரிவின் அடியில் நின்று கசிவைக் கவனிப்பார். நீர் தெளிவாக, ஒரே அளவில் கசிந்தால் அதனை அளந்து குறித்துக்கொள்வார். கலங்கி வந்தால் கரையின் உள்ளே மண் அரிக்கப்படுகிறது. அப்போது நீர்மட்டத்தை அன்றே இறக்கத் தொடங்க வேண்டும்.