மருமகள் ஏன் அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறாள்?

பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டம். எனக்குத் தெரிந்த குடும்பம். பையனுக்குத் திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகியும் பிள்ளை இல்லை. ஒரு நாள் மாமியார் அலமாரியைத் துடைக்கப்போக, சேலைகளுக்கு நடுவே ஒரு மாத்திரைப் பட்டை கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டினார். "இது கருத்தடை மாத்திரையாச்சே, பெரியம்மா!" என்றாள் அவள்.

பேரப்பிள்ளைக்காக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்த அந்த அம்மாவின் வயிறு எப்படி எரிந்திருக்கும்! வேலை முடிந்து வந்த மகன் காதில் முதலில் விழுந்தது இந்தச் செய்திதான். மனைவியை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டையைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தான். மறுநாள் அவள் தாய்வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அன்பான குடும்பத் தலைவர்களே, அந்தப் பெண் துரோகம் எதுவும் செய்யவில்லை. டாக்டர் கொடுத்த மருந்தைத்தான் சாப்பிட்டாள். இரண்டு முறை கிளினிக்குக்குப் போனபோதும் கணவன் வெளியே மோட்டார் சைக்கிள் பக்கத்திலேயே நின்றான். உள்ளே டாக்டர் சொன்னதை வீட்டில் எடுத்துச் சொல்ல அவளுக்கு வெட்கம்.

அவளுக்கு இருப்பது பி.சி.ஓ.எஸ். என்ற கோளாறு. நம்மவர்கள் 'கர்ப்பப்பை நீர்க்கட்டி' என்பார்கள். அந்தப் பெயரே பாதிப் பேரைப் பயமுறுத்திவிடுகிறது. கட்டி என்றால் அறுக்கவேண்டுமே என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அவை கட்டிகளே அல்ல. சினைப்பையில் பாதி வளர்ந்து நின்றுபோன சிறுசிறு முட்டைப் பைகள். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் அதிகமாகச் சுரக்கிறது. அதனால் ஆண் தன்மையுள்ள சுரப்பு நீர் கூடுகிறது. முட்டை முற்றி வெளியே வருவதில்லை. மாதவிலக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளிப்போகிறது. முகத்தில் முடி, பரு, கழுத்தில் கருப்பு, சிலருக்கு உடல் பருமன். ஒல்லியான பெண்களுக்கும் வருவதுண்டு.

இது புது நோயன்று. 1935-இலேயே அமெரிக்காவில் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரு டாக்டர்கள் ஏழு பெண்களிடம் இதைக் கண்டு எழுதிவைத்தார்கள். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் காலம் தள்ளுகிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உங்கள் லயத்திலும் ஒருத்தி இருப்பாள். சாபம், தோஷம் என்று அவளைச் சுற்றிப் பேசாதீர்கள். குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது இது.

சரி, பிள்ளை வேண்டும் என்பவளுக்குக் கருத்தடை மாத்திரை எதற்கு? இதுதான் பலருக்கும் விளங்குவதில்லை. மாதவிலக்கு வராமலே இருந்தால் கருப்பையின் உட்பூச்சு உதிராமல் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. அந்தப் பூச்சை மாதாமாதம் உதிரச் செய்யத்தான் அந்த மாத்திரை. முடியும் பருவும் குறையவும் அது உதவும். பிற்பாடு கரு தங்குவதை அது கெடுப்பதில்லை. முதலில் சில மாதம் விலக்கைச் சீர்படுத்துவோம், உடம்பும் சற்று இளைக்கட்டும், பிறகு அதை நிறுத்திவிட்டு முட்டை முற்றுவதற்கான மாத்திரையைத் தருவோம் என்பதுதான் டாக்டரின் திட்டம். லெட்ரோசோல் என்ற அந்த மருந்தை விலக்கான தொடக்க நாள்களில் ஐந்து நாள் சாப்பிடவேண்டும். எவ்வளவோ பேர் அதிலேயே தாயாகியிருக்கிறார்கள்.

ஒரு பேச்சு. இதைப் படித்துவிட்டு அக்கம்பக்கத்தில் பட்டையைக் கடன் வாங்கிச் சாப்பிடாதீர்கள். இரத்த அழுத்தமோ ஒற்றைத் தலைவலியோ உள்ளவர்களுக்கு அது ஆகாமல் போகலாம். மூன்று மாதமாக விலக்கு வரவில்லையென்றால் முதலில் கர்ப்பமா என்று பாருங்கள். இல்லையென்றால் நேரே அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஜாமுவுக்கும் மந்திரிப்பதற்கும் 200 வெள்ளி, 300 வெள்ளி என்று அழுதுவிட்டுக் கடைசியில் அங்கே வருபவர்களே அதிகம். சர்க்கரைச் சோதனையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இக்கோளாறு உள்ளவர்களுக்கு நீரிழிவு சீக்கிரமே எட்டிப் பார்க்கும்.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன். வாசலில் நிற்காதீர்கள், டாக்டர் அறைக்குள் கூடவே போய் உட்காருங்கள். உங்களையும் சோதிக்கச் சொன்னால் மீசை துடிக்க வேண்டாம். பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் குறை இருக்கிறது. விந்துச் சோதனை ஒரு நாள் வேலை. அதைச் செய்யாமல் மனைவியை மட்டும் ஆண்டுக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலையவிடுவது நியாயமா?

70 கிலோ உள்ள பெண் மூன்றரைக் கிலோ குறைத்தாலே பலருக்கு விலக்கு திரும்புகிறது. ஆனால் அவள் தட்டில் மட்டும் சோற்றைக் குறைத்துவிட்டு, நீங்கள் எதிரே டின்பால் தேநீரும் ரொட்டி சானாயுமாக உட்கார்ந்தால் எப்படி இளைப்பாள்? வீட்டுக்கே ஒரே சமையல் இருக்கட்டும். சோறு குறைவாக, கீரையும் மீனும் பருப்பும் கூடுதலாக. நாளெல்லாம் குலை வெட்டிய உங்களுக்கு நடை தேவையில்லைதான். ஆனாலும் மாலையில் அரைமணி நேரம் திடல்வரை அவளோடு நடந்துவிட்டு வாருங்கள். தனியாகப் போனால் 'எங்கே போகிறாள்' என்று லயமே பார்க்கும்.

அவள் மோவாயில் முளைக்கும் முடியைக் கேலி செய்யாதீர்கள், விளையாட்டுக்குக்கூட. கண்ணாடி முன்னால் அவள் படும் வேதனை உங்களுக்குத் தெரியாது. இக்கோளாறு உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகம். காது குத்து, வளைகாப்பு என்று எங்கே போனாலும் 'இன்னும் ஒன்றும் இல்லையா?' என்று யாராவது கேட்பார்கள். அதற்கு அவள் பதில் சொல்லும்படி விடாதீர்கள். 'நாங்கள் இருவரும் மருந்து சாப்பிடுகிறோம், அத்தை' என்று நீங்கள் சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி வராது.

அந்தப் பையன் என்ன செய்தான் என்கிறீர்களா? மூன்றாம் வாரம் கிளினிக்கிலிருந்து தாதி தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்கள் மனைவி ஏன் வரவில்லை?" என்று விசாரித்தாராம். அப்போதுதான் விஷயம் விளங்கியது. தாயாரையும் கூட்டிக்கொண்டு போய் மனைவியை அழைத்து வந்தான். மாமியார் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து காப்பி கலக்கி முதலில் மருமகள் கையில் கொடுத்தார்.

பிள்ளை இன்னும் இல்லை. விலக்கு மட்டும் ஒழுங்காக வருகிறது. அடுத்த தேதி வருகிற வெள்ளிக்கிழமை. அன்று வேலைக்கு வர முடியாது என்று மண்டோரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறான்.