பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ்: நிறுவுதலிலும் புதுப்பித்தலிலும் நேரும் தடைகள்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்ததாகிய விண்டோஸ் 11-ஐ ஏற்பதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் ஓரளவு புதிய பிராசசரும் தேவைப்படுகின்றன. ஆதலின், பள்ளிகளிலும் வட்டார அலுவலகங்களிலும் பத்தாண்டுகளாக நன்கு உழைத்துவரும் மடிக்கணினிகள் பல, பழுது ஏதுமின்றியே கைவிடப்படும் நிலையில் உள்ளன.

இத்தகைய பொறிகளுக்கு லினக்ஸ் ஒரு நல்ல மாற்றாகும். பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய இவ்வியங்குதளம் இன்று உபுண்டு, டெபியன், ஃபெடோரா முதலிய பல வழங்கல்களாகக் கிடைக்கிறது. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் வழங்கலை 2007-இல் வெளியிட்டது. கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

எனினும், நிறுவ முற்படுவோர் முதல் தடையைக் கண்டவுடனே பொறி கெட்டுவிட்டது எனக் கருதிவிடுதல் உண்டு. பெரும்பாலும் அஃது உண்மையன்று. பொறி எந்த இடத்தில் நின்றது என்பதை உற்று நோக்கினால், தடையின் காரணம் தானே புலப்படும்.

தொடக்கத்தின் நான்கு படிகள்

மின்விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது ஃபர்ம்வேர் என்னும் உள்ளமை நிரல். பழைய பொறிகளில் இது பயாஸ் எனவும், பிற்காலத்தவற்றில் யூஇஎஃப்ஐ எனவும் பெயர் பெறும். அது தட்டிலோ பென் டிரைவிலோ உள்ள தொடக்க நிரலைத் தேடிப் பிடிக்கிறது. அத்தொடக்க நிரல், இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் திரை, விசைப்பலகை, வலைத்தொடர்பு ஆகிய உறுப்புகளை ஒவ்வொன்றாக இயக்குகிறது. இறுதியாக முகப்புத் திரை தோன்றுகிறது. இந்நான்கில் எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை என்பதே நாம் முதலில் காண வேண்டுவது.

தொடங்குமுன் செய்ய வேண்டுவன

மாணவர் மதிப்பெண், வருகைப் பதிவு, கள ஆய்வுக் குறிப்பு ஆகியவற்றை வேறு இரண்டு இடங்களில் நகலெடுத்து, அந்நகல்கள் திறக்கின்றனவா என்று மற்றொரு கணினியில் பார்த்தல் இன்றியமையாதது. நிறுவும்போது ‘தட்டு முழுவதையும் அழித்து நிறுவுக’ என்னும் தெரிவைக் கொண்டால், பழைய கோப்புகளை மீட்பது அரிது. விண்டோஸ் தட்டு ‘பிட்லாக்கர்’ முறையில் பூட்டப்பட்டிருப்பின், ஃபர்ம்வேர் அமைப்பைத் தொடுமுன் மீட்புக் குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ளுதல் வேண்டும். பெரும்பாலான வழங்கல்களைத் தட்டில் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். திரை, ஒலி, வைஃபை ஆகியவை இயங்குமா என்பதை இச்சோதனையிலேயே அறிந்துகொள்ளலாம்.

பென் டிரைவிலிருந்து தொடங்காவிடின்

இங்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, பென் டிரைவைத் தயாரித்த முறை. தரவிறக்கிய படிமக் கோப்பை மற்றக் கோப்புகளைப் போல நகலெடுத்து வைத்தல் போதாது. ரூஃபஸ் போன்ற கருவியைக் கொண்டு எழுதுதல் வேண்டும். எழுதுமுன், வழங்கலின் தளத்தில் தரப்பட்டுள்ள 64 எழுத்து நீளமுள்ள ‘ஷா 256’ சரிபார்ப்புக் கோவையோடு கோப்பை ஒப்பிடுக. ஓர் எழுத்து மாறினும் கோப்பு முழுமையாக வந்து சேரவில்லை என்பது பொருள்.

இரண்டாவது, பிராசசரின் வகை. 32 பிட் பிராசசரில் 64 பிட் இயங்குதளம் தொடங்காது. உபுண்டு 32 பிட் நிறுவலைச் சில ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்டது; 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-உம் அதனைக் கைவிட்டது. மிகப் பழைய பொறியாயின் இதனை முதலில் பார்த்தல் நலம்.

மூன்றாவது, ஃபர்ம்வேரின் ‘செக்யூர் பூட்’ என்னும் காவல். கையொப்பம் இல்லாத தொடக்க நிரலை அது ஏற்காது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா ஆகியவை கையொப்பம் உடையவை. சிறு வழங்கல்கள் சிலவற்றிற்கு அஃதில்லை.

திரை இருண்டுவிடின்

வழங்கலின் பெயர் தோன்றிய பின் திரை கருமையாகி நின்றால், தொடக்க நிரல் தன் பணியை முடித்துவிட்டது என்றும், கெர்னலுக்கும் திரை இயக்கும் சில்லுக்கும் இசைவில்லை என்றும் கொள்ளலாம். தொடக்கப் பட்டியலில் ‘ஈ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ எனத் தொடங்கும் வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ என்னும் சொல்லை ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றிச் சேர்த்தால், கெர்னல் அச்சில்லின் சிறப்பு வசதிகளை நாடாது எளிய முறையில் திரையை இயக்கும். காட்சி சற்று மந்தமாக இருப்பினும் நிறுவுதல் நிறைவேறும். இம்மாற்றம் அந்த ஒரு தொடக்கத்திற்கு மட்டுமே. பின்னர் உரிய இயக்கியை நிறுவிக்கொள்ளலாம்.

நிறுவிய பின் தொடங்காவிடின்

நிறுவுதல் நிறைவுற்றும், மறுமுறை தொடங்கும்போது ‘தொடக்கச் சாதனம் இல்லை’ என்ற செய்தி வருவது உண்டு. பென் டிரைவைப் பழைய பயாஸ் முறையில் தொடங்கியிருந்தால், நிறுவப்பட்ட தொடக்க நிரலும் அம்முறைக்கே உரியதாகும். ஃபர்ம்வேர் யூஇஎஃப்ஐ முறையில் மட்டும் தேடினால் அஃது அதன் கண்ணுக்குப் படாது. இரண்டையும் ஒரே முறையில் வைத்து மீண்டும் நிறுவுதலே தீர்வு. நேரே விண்டோஸ் தொடங்கினால், ஃபர்ம்வேரின் தொடக்க வரிசையில் லினக்ஸை முதலில் வைத்துப் பார்க்க.

வைஃபை இல்லையெனின்

வைஃபைச் சில்லுகள் பல, ஒவ்வொரு தொடக்கத்திலும் தமக்குரிய சிறு நிரலைப் பெற்றாலன்றி இயங்கா. பிராட்காம் நிறுவனத்தின் பழைய சில்லுகளில் இத்தொல்லை மிகுதி. இவ்வகை நிரல்களை டெபியன், 2023-இல் வெளிவந்த 12-ஆம் பதிப்பிலிருந்து தன் நிறுவல் படிமத்திலேயே சேர்த்துள்ளது. உரிமக் கட்டுப்பாட்டால் சேர்க்கப்படாதவற்றைப் பெற, கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் வலைத்தொடர்பைப் பகிர்ந்துகொள்வது எளிய வழி.

புதுப்பித்தலில் தோன்றும் தடைகள்

பழைய பொறிகளில் அடிக்கடி மறக்கப்படுவது கடிகாரம். தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால், நாள் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். புதுப்பிப்புப் பட்டியல்களும் வலைத்தளச் சான்றிதழ்களும் நாள் குறிக்கப்பட்டவை. கடிகாரத்தின்படி அவை இன்னும் பிறவாதவை. ஆகவே பொறி அவற்றை ஏற்க மறுக்கிறது. வலைத்தொடர்பில் குறை தேடுமுன் நாளைத் திருத்திப் பார்க்க. பின்னர் மின்கலத்தை மாற்றுக.

அடுத்தது, பதிப்பின் ஆயுள். உபுண்டுவின் நீண்ட ஆதரவுப் பதிப்புகளுக்குப் பொதுவான ஆதரவு 5 ஆண்டுகள், 20.04 பதிப்பிற்கு அது 2025 மே மாதத்தோடு முடிந்தது. இடைப்பட்ட பதிப்புகளுக்கு 9 மாதங்களே. ஆயுள் முடிந்த இடைப்பதிப்பின் கோப்புகள் பழைய களஞ்சியத்திற்கு மாற்றப்படுவதால், ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்னும் செய்தி வரும். ஆதரவுள்ள பதிப்பிற்கு மாறுதலே இதற்கு மருந்து.

மூன்றாவது, இடக்குறைவு. தொடக்கக் கோப்புகளுக்கெனத் தனியே ஒதுக்கிய சிறு பகுதி, பழைய கெர்னல்கள் சேர்ந்து நிரம்பிவிடக்கூடும். அவற்றைக் கையால் அழித்தல் கூடாது. தேவையற்ற பொதிகளை நீக்க ‘ஏபிடி’யில் உள்ள ‘ஆட்டோரிமூவ்’ கட்டளையையே பயன்படுத்துதல் வேண்டும்.

நான்காவது, இடையில் மின்சாரம் அறுதல். பழைய பேட்டரி சில நிமிடமும் தாங்காது. புதுப்பித்தல் பாதியில் நின்றிருந்தால், ‘டிபிகேஜி’ என்னும் பொதி நிர்வாகியின் ‘கான்ஃபிகர்’ தெரிவைக் கொண்டு எஞ்சிய அமைப்பு வேலையை முடிக்கலாம். புதுப்பித்த பின் புதிய கெர்னல் தொடங்கவில்லையெனில், தொடக்கப் பட்டியலின் மேல்நிலைத் தெரிவுகளில் முந்தைய கெர்னலைத் தேர்ந்து உட்புகலாம்.

வன்பொருளை எப்போது ஐயுறுவது?

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே செய்தியோடு பொறி நின்றால் காரணம் பெரும்பாலும் மென்பொருளோ அமைப்போ ஆகும். நிற்கும் இடம் முறைதோறும் மாறினால், நினைவகத்தையோ தட்டையோ ஐயுறுதல் தகும். மெம்டெஸ்ட் என்னும் நிரல் நினைவகத்தைச் சோதிக்கும்; தட்டின் ‘ஸ்மார்ட்’ அறிக்கை அதன் உடல்நிலையைக் கூறும். பழுதின்றி மந்தமாக மட்டும் இயங்கும் பொறிக்கு எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்ற எளிய முகப்புத் திரையே ஏற்றது. சுழலும் தட்டிற்கு மாற்றாக எஸ்எஸ்டி பொருத்தினால் வேகம் பெரிதும் கூடும்.

ஒவ்வொரு பொறிக்கும் ஒரு குறிப்பேட்டுப் பக்கம் ஒதுக்கி, மாதிரிப் பெயர், பிராசசர், நின்ற படி, திரையில் தோன்றிய சொற்கள், செய்த மாற்றம் ஆகியவற்றை உள்ளவாறே எழுதி வருக. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்க. இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பயன் தந்தது என்பது விளங்காது. ஒரே மாதிரிப் பொறிகள் பல இருக்கும் பள்ளியில், ஒன்றிற்கு எழுதிய குறிப்பு மற்றவற்றிற்கும் உதவும். இவ்வளவும் செய்து, தட்டோ நினைவகமோ கெட்டது எனச் சோதனையால் தெளிந்த பின்னரே, அவ்வுறுப்பை மாற்றுவதா, பொறியை விலக்குவதா என்று முடிவு செய்தல் முறையாகும்.