எந்தத் துறை? – 11: நியூரோவுக்குப் போகலாமா?

எம்.டி. ஜெனரல் மெடிசின் முடிக்கப்போகிறவர்களிடம் அடுத்து என்ன என்று கேட்டால் கார்டியாலஜி, கேஸ்ட்ரோ என்று பட்டென்று பதில் வரும். நியூரோ என்பவர்கள் கொஞ்சம் தயங்கித்தான் சொல்வார்கள். எம்.பி.பி.எஸ். காலத்திலேயே பிடித்த பயம் அது. மூளைத்தண்டின் குறுக்குவெட்டுப் படத்தை மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த கையோடு மறந்தவர்கள் டாக்டர்களில் ஏராளம். ரால்ஃப் யோஸெஃபோவிச் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1994-இல் இதற்கு 'நியூரோஃபோபியா' என்று பெயரே வைத்துவிட்டார்.

பயத்தை மீறி வருகிறவர்களை இழுப்பது துப்பறியும் சுகம். உதாரணத்துக்கு, ஓ.பி.க்கு ஓர் அம்மா வருகிறார். காலையில் கண் நன்றாகத்தான் இருக்கிறது, பொழுது சாய்ந்தால் வலது இமை தானாக இறங்கிவிடுகிறது என்கிறார். டாக்டர் உடனே ஸ்கேன் எழுதுவதில்லை. "கண்ணை இமைக்காம மேலயே பாருங்கம்மா" என்கிறார். ஒரு நிமிடத்துக்குள் இமை சரிகிறது. ரப்பர் கையுறைக்குள் ஐஸ் கட்டியைப் போட்டு, மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் வைத்து எடுக்கிறார். இமை ஏறி நிற்கிறது! கோளாறு மூளையில் இல்லை, நரம்பு தசையைத் தொடும் இடத்தில். மயஸ்தீனியா கிராவிஸ். மற்றதை ரத்தப் பரிசோதனை உறுதிசெய்யும். 1934-இல் லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற டாக்டர், ஃபைசோஸ்டிக்மின் ஊசி போட்டு இந்த நோயாளி ஒருவருக்குத் தற்காலிகமாகப் பலம் திரும்புவதைக் காட்டினார். இன்று தரும் மாத்திரையும் அதே வகையறாதான்.

'கண்டுபிடிப்பார்கள், குணமாக்க மாட்டார்கள்' என்பது இந்தத் துறைமேல் இருந்த பழைய பழி. 1967-இல் கோட்ஸியாஸ் என்ற டாக்டர் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு லெவோடோபாவைக் கூடுதல் அளவில் கொடுத்துப் பலன் கண்டபோதே அது ஆட்டம் கண்டது. 1996-இல் பக்கவாதத்துக்கு ஆல்டிப்ளேஸ் ஊசியை அமெரிக்கா அனுமதித்தது. ரத்தக்கசிவு இல்லை என்று சி.டி. சொன்னால், நாலரை மணி நேரத்துக்குள் அதைப் போடலாம். பெரிய ரத்தக்குழாயில் அடைத்த ரத்தக்கட்டியை கதீட்டர் விட்டு இழுத்தெடுப்பதும் பலன் தரும் என்பதை 2015-இல் வந்த ஆய்வுகள் நிரூபித்தன. இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு. ராத்திரி போன் வராத துறை என்று நம்பி இன்று யாரும் நியூரோ எடுக்க வேண்டாம்.

வருடக் கணக்கும் பார்த்துவிடுங்கள். எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. மூன்று, நீட் எஸ்.எஸ். எழுதி டி.எம். மூன்று. ஓர் அட்டெம்ப்ட்கூட வீணாகாவிட்டாலும் முப்பதை நெருங்கிவிடும். அதற்குப் பிறகும் சொந்தக்காரர்கள் உங்களை 'நரம்புத் தளர்ச்சி டாக்டர்' என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். மூளை ஆபரேஷன் செய்வீர்களா என்றும் கேட்பார்கள். அது நியூரோசர்ஜன் வேலை, எம்.சிஎச். படித்தவர்களுடையது.

பாடப்புத்தகம் சொல்லாத வேலையும் உண்டு. வலிப்பு கட்டுக்குள் இருந்த பெண், கல்யாணம் நிச்சயமானதும் யாருக்கும் தெரியக்கூடாதென்று மாத்திரையை நிறுத்திவிட்டு, புகுந்த வீட்டில் விழுந்து வருவாள். மருந்துச்சீட்டு எழுத ஐந்து நிமிடம் போதும். மாமியாரையும் கணவனையும் உட்காரவைத்து, இது யாருக்கும் ஒட்டாது, மாத்திரையோடு குழந்தையும் பெறலாம், எந்த மாத்திரை என்பதை மட்டும் முன்கூட்டியே என்னிடம் கேளுங்கள் என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆகும். வெளியே டோக்கன் வாங்கியவர்கள் முணுமுணுப்பார்கள். அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்க உங்களுக்கு மனசு வருமா என்பதை, கவுன்சலிங்குக்கு முன் ஒரு நியூரோ ஓ.பி.யில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

(தொடரும்)