அச்சுப்பொறி எங்கே ஒளிந்துகொண்டது?

“பிள்ளைகளுக்கு நாலு தாள் அச்செடுக்க பீடோங் கடைத்தெருவுக்கு ஓட வேண்டியிருக்கிறதே!” என்று அலுத்துக்கொள்ளும் தாய்மார்கள் நம் தோட்டப்புறங்களில் எத்தனை பேர்! என் அக்காவும் அவர்களில் ஒருவர். மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். பயிற்சித்தாள் இல்லாமல் வகுப்பு ஏது?

அவரிடம் இருந்தது ஒரு பழைய கணினி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அடுத்த பதிப்பை அந்தக் கணினி ஏற்கவில்லை. எனவே, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தேன்.

“தம்பி, இதில் அச்செடுக்க வருமா?” என்றார் அக்கா.

வரும். லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது ‘கப்ஸ்’ என்னும் மென்பொருள். மைக்கேல் சுவீட் என்பவர் உருவாக்க, 1999-இல் வெளிவந்தது. ஆப்பிள் நிறுவனமும் தன் கணினிகளில் இதையே வைத்திருக்கிறது. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கூடத்தில் ஓர் அச்சுப்பொறியில் அடிக்கடி தாள் சிக்கியது. அதன் மென்பொருளைத் திருத்த ரிச்சர்டு ஸ்டால்மன் மூலநிரலைக் கேட்டார், கிடைக்கவில்லை. அந்தக் கசப்பும் சேர்ந்துதான் 1983-இல் அவரைக் குனு திட்டத்தை அறிவிக்க வைத்தது. இன்றைய லினக்ஸுக்குள் அந்தக் குனுவும் இருக்கிறது!

இனி வேலைக்கு வருவோம். அச்சுப்பொறியையும் கணினியையும் ஒரே வை-ஃபையில் சேருங்கள். விருந்தினருக்கென்று தனியாக விட்ட வை-ஃபை உதவாது. அதில் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் போகலாம். பிறகு கணினியின் அமைப்புகளில் ‘அச்சுப்பொறிகள்’ பகுதியைத் திறந்து ‘சேர்’ என்பதை அழுத்துங்கள். அண்மைக் காலத்து அச்சுப்பொறியாக இருந்தால் பெயர் தானாகவே தெரியும். தனி வட்டு எதுவும் வேண்டாம்.

அக்கா வீட்டிலும் அப்படியே தெரிந்தது. நானும் மார்தட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். மறுநாள் மாலை இடி இடித்து மின்சாரம் போய் வந்தது. விடிந்தால் பிள்ளைகளுக்குத் தேர்வு, அச்சுப்பொறியோ அசையவில்லை!

நடந்தது இதுதான். அச்சுப்பொறிக்கு ஓர் எண் முகவரியை மோடம்தான் கொடுக்கிறது. மின்சாரம் போய் வந்ததும் வேறு எண்ணைக் கொடுத்துவிட்டது. கணினி பழைய கதவையே தட்டிக்கொண்டிருந்தது. மோடத்தின் அமைப்பில் அச்சுப்பொறிக்கென்று ஓர் எண்ணை ஒதுக்கி, அச்சுப்பொறியை நீக்கி மீண்டும் சேர்த்தேன். தொல்லை தீர்ந்தது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை!

அப்போதும் தாள் வரவில்லை. விளக்கு மட்டும் மினுக்கியது. கணினி அமெரிக்க ‘லெட்டர்’ அளவுத் தாளைக் கேட்டு நின்றது. நாம் வைப்பதோ ஏ4. அளவை மாற்றியதும் தாள்கள் சரசரவென்று விழுந்தன. தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது அச்சுப்பொறியின் குற்றமல்ல. கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். ‘லோகித் தமிழ்’ போன்ற ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவு பிள்ளைகள் பயிற்சித்தாளோடு வீட்டுக்குப் போனார்கள்.

“மை தீர்ந்தால் என்ன செய்வது தம்பி?” என்றார் அக்கா.

“அதற்குச் சுங்கைப்பட்டாணிக்குத்தான் போக வேண்டும், அக்கா!”